இடப்பக்கம் பார்த்த முகம்

பொருள் அசல்தான் என்பதில் நீலமேகத்துக்குச் சந்தேகம் வரவில்லை. அதுதான் இப்போது பெரிய தொல்லை. போலியாக இருந்து தொலைத்திருந்தால் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு, மேஜை ஓரத்தில் வைத்திருக்கும் மோரைக் குடித்துவிட்டு, ஆட்டோ பிடித்து அயனாவரம் போய்ச் சேர்ந்திருக்கலாம். வெள்ளைத் துணியின் மேல் அது உட்கார்ந்திருந்தது. ருஷ்யாக்காரர்கள் கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்கள். விரல் சுடாமலிருக்கத் தம்ளரை இறக்கி வைக்கும் வெள்ளிக் கூடு இது. நம் டபராவைக் கொஞ்சம் உயர்த்திக் காது வைத்தால் எப்படியோ அப்படி. உடம்பு முழுக்க முறுக்கிய வெள்ளிக் கம்பியால் கொடியும் பூவும் வளைத்து, கம்பிகளுக்கு நடுவே கண்ணாடித் தூளை இட்டு உலையில் உருக்கிய எனாமல் வேலை. மயில் கழுத்து நீலம், வேப்பிலைப் பச்சை, விளிம்பு நெடுக மோர் சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அடியில், கைப்பிடி வந்து சேரும் இடத்தில், ஓர் அரிசியளவுக்கு முத்திரை. ஜார் காலத்து அரசாங்கம் வெள்ளியின் தரத்தைச் சோதித்துக் குத்தியது. தலையணி தரித்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், அதன் அருகே 84 என்ற எண், சோதித்த அதிகாரியின் எழுத்துகள். இந்தக் கூட்டில் எழுத்துகளும் இல்லை, 84-இல் நாலு என்ற எண்ணும் இல்லை. இதை வாங்கி வந்த மாலிக் சாயபுவின் வீட்டில் இருந்தவர்கள் இதையும் அண்டா குண்டாவோடு சேர்த்துச் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கித் துலக்கி மழித்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரு எட்டும் ஒரு முகமும்தான். முகம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸை எடுத்துத் துடைத்து மறுபடி கண்ணில் பொருத்தினாலும் வலப்பக்கம்தான். கூட்டைத் திருப்பிப் பிடித்தாலும், தலையைச் சாய்த்தாலும், கண்ணை மூடித் திறந்தாலும் அந்தப் பெண் பிடிவாதமாக வலப்பக்கமே பார்த்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுக்கு முன்னால் என்றால் அவள் இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அந்த வருஷம்தான் அரசாங்கம் அவள் முகத்தைத் திருப்பியது. இது பழைய நகையும் வெள்ளியும் மதிப்பிடும் இந்தத் தொழிலில் காலெடுத்து வைக்கிறவனுக்கும் தெரிந்த அரிச்சுவடி. அரிச்சுவடி தெரிந்த நீலமேகம்தான், மாலிக் சாயபுவின் சேகரிப்பைப் பார்க்க இந்தக் கீழ்ப்பாக்கம் பங்களாவுக்கு முதன்முறை வந்தபோது, இதே கூட்டைப் பற்றி, பெண்முகம் இடப்பக்கம் பார்க்கிறது, ஆகவே முந்தைய காலத்தது என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதைக் காட்சிக்கூடத்துப் புத்தகத்தில் வழவழப்பான தாளில் அச்சடித்துவிட்டார்கள்.

அச்சில் வந்த பேச்சுக்கு ஆயுசு அதிகம். மாலிக் சாயபு பல்லாவரத்தில் தோல் பதனிட்டு ருஷ்யாவுக்குக் கப்பலேற்றியவர்; போகிறபோதெல்லாம் ஒன்றிரண்டு பழைய வெள்ளிச் சாமான் வாங்கி வருவார். அவர் காலமான பிறகு அறக்கட்டளை வைத்து வீட்டையே காட்சிக்கூடமாக்கினார்கள். இப்போது வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்கு இதைக் கேட்டு, புகைப்படம் அனுப்பச் சொல்லி, படத்தைப் பார்த்த அங்கத்திய நிபுணர் பணிவாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: உங்கள் புத்தகத்தில் முகம் இடப்பக்கம், படத்தில் வலப்பக்கம், உங்களிடம் இரண்டு கூடுகள் இருக்கின்றனவா? செயலாளர் சந்தானகோபாலனுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. ஒரு கூடுதான் உண்டு. ஆகவே இது வேறு கூடு. ஆகவே யாரோ மாற்றிவிட்டார்கள். பெட்டகத்தின் சாவி காட்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் தமயந்தியிடம் இருக்கிறது. தமயந்தியின் மச்சினர் சௌகார்பேட்டையில் மோதிரத்துக்கும் ஜிமிக்கிக்கும் எனாமல் வைக்கும் பட்டறை நடத்துகிறார். கணக்குப் பாடம்போல் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றது. காலையிலிருந்து அவளைப் பக்கத்து அறை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கைப்பேசியை வாங்கி இந்த அறை அலமாரிமேல் வைத்திருந்தார்கள். அது அவ்வப்போது உறுமி, அலமாரித் தகட்டில் நகர்ந்து, அடங்கியது. யாரோ வீட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காவல் நிலையத்திலிருந்து சப் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் நீலமேகம் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது இரண்டில் ஒன்று. நான் அன்றைக்குப் பார்த்தது இதுதான் என்றால் நீலமேகத்தின் பெயர் போயிற்று. நான் பார்த்தது இது இல்லை என்றால் தமயந்தி ஜெயிலுக்குப் போகிறாள். துணியில் சுற்றிய கூட்டையும் இந்த மோரையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவளும் அவள்தான். பெட்டகத்தை வேறு யாருக்கும் திறக்கத் தெரியவில்லை. வைத்துவிட்டு அவள் சொன்னது காதில் இன்னும் கிடந்தது. “நிதானமா பாருங்க சார். நான் எங்கயும் ஓடலை. ஓடினாலும் எம் முட்டி வலிக்கு எக்மோர் தாண்ட மாட்டேன்.” சிரிக்கத்தான் சொன்னாள். செயலாளர் சிரிக்கவில்லை, நீலமேகமும் சிரிக்கவில்லை, அவளே கொஞ்சம் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் இருமினாள். இருமல் வறட்டு இருமல். தண்ணீர் கொடுத்திருக்க மாட்டார்கள்.

போலியாக இரு, போலியாக இரு என்று மனம் ஜபம் பண்ணிக்கொண்டிருந்ததை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். கூட்டை எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பார்த்தார். விரல் ஏமாற்றும், உதடு ஏமாற்றாது. பிசின் கலவையை ஊற்றிக் காயவைத்த நவீன எனாமல் உதட்டில் பட்டதும் வெதுவெதுப்பாகிவிடும், உலையில் வெந்த கண்ணாடி கிணற்றுக் கல்லைப்போல் சில்லென்றே இருக்கும். சில்லென்றிருந்தது. ஒருவேளை ஏசிக் காற்றில் குளிர்ந்திருக்குமோ என்று உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து மறுபடி வைத்தார். சில்லென்றிருந்தது. ஊசியை எடுத்தார், யாரும் பார்க்காத மூலையில் ஒரு பச்சை இலையை அழுத்தினார், ஊசி வழுக்கியது, இறங்கவில்லை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் மேற்பரப்பில் கீறல்கள் நாலாபக்கமும் ஓடின. புதிதாகச் செய்து பழசாக்குகிறவன் எமரித் தாளை ஒரே திசையில்தான் இழுப்பான், அவனுக்குப் பொறுமை கிடையாது, நூறு வருஷம்தான் எல்லாப் பக்கமும் கீறும். கம்பிகள் எனாமலைவிட மயிரிழை உயர்ந்து நின்றன. உள்பக்கத்துப் பொன்முலாம் மின்சாரத் தொட்டியில் முக்கிய பளபளப்பு இல்லை, பாதரசத்தில் தீய்த்த பழைய முலாம், அவித்த முட்டையின் கரு நிறம். எத்தனை இடத்தில் கேட்டாலும் பொருள் ஒரே பதிலைச் சொன்னது. அப்போதுதான் தெரிந்தது, தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது கூட்டை இல்லை, தமயந்தி திருடியாக இருக்க மாட்டாளா என்றுதான். வேண்டுதல்போல். பிள்ளை பிழைக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்களே, அதேமாதிரி, எனக்கு மோர் கொண்டுவந்து வைத்த ஒருத்தி திருடியாக இருக்க வேண்டும். ஊசியைக் கீழே வைத்தார். மனைவி ரஞ்சிதம் இருந்தால் சொல்லியிருப்பாள், உங்களுக்குக் கண்ணு மட்டும்தான் வேலை செய்யும், மத்ததெல்லாம் அலங்காரத்துக்கு என்று. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணும் சேர்ந்தே போய்விட்டதா. இல்லை, கண் நன்றாக இருக்கிறது, புரை எடுத்து வில்லை வைத்தாகிவிட்டது, டாக்டரே பெருமைப்பட்டார், கொக்குக் கண்ணு சார் உங்களுக்கு என்றார். கொக்குக் கண்ணால்தானே வலப்பக்கம் என்று பார்க்கிறேன்.

சரி, மாற்றியிருக்கட்டும். அசலுக்குப் பதில் அசலை வைத்தா மாற்றுவான் ஒருவன்? முந்தைய காலத்து அசல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே அச்சாக, அதே நீலமும் அதே புள்ளியுமாக, சில வருஷம் பிந்தைய காலத்து அசல் இன்னொன்றைத் தேடிப் பிடித்து இங்கே வைத்துவிட்டுப் போகிற திருடன் திருடன் இல்லை, பைத்தியக்காரன். சௌகார்பேட்டைப் பட்டறையில் இப்படி ஒரு கூட்டைச் செய்ய முடியுமென்றால் தமயந்தியின் மச்சினர் ஜிமிக்கிக்கு எனாமல் வைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே மாற்றவில்லை. ஆகவே இதுதான் அது. ஆகவே நான் இடப்பக்கம் என்று சொன்னது தப்பு. இந்த இடத்துக்கு வந்ததும் மனம் செக்குமாடுபோல் நின்று, திரும்பி, மறுபடி முதலிலிருந்து நடந்தது. எப்படித் தப்பாகும்? இடது கை எது வலது கை எது என்று தெரியாதவனா நான்? அந்த முகத்தை நான் பார்த்தேனே. நினைவில் இப்போதும் நிற்கிறதே, இடப்பக்கம் பார்த்துக்கொண்டு, தலையணியின் முத்துகள் வரிசையாக, கூர்மூக்கு, இறுகிய உதடு. கண்ணை மூடினார். வந்தாள். இடப்பக்கம்தான் பார்த்தாள். கோர்ட்டில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம், அவ்வளவு தெளிவு. அவளோடுகூட எப்போதும்போல ஒரு வாசனையும் வந்தது. அந்தக் கூட்டை நினைத்தாலே மூக்கில் ஏறும் ஒரு மந்தமான பச்சை வாசனை, இவ்வளவு நாள் அதை வெள்ளி துடைக்கும் மருந்து என்று நினைத்து ஒதுக்கியிருந்தார். அலமாரிமேல் கைப்பேசி உறுமியது. கண்ணைத் திறந்தால் போய்விடுவாள் என்று திறக்காமலே இருந்தார். மூக்கு, உதடு, கன்னம். கன்னத்தில் நிழல். ஏன் கன்னத்தில் நிழல்? குத்திய முத்திரையில் முகம் புடைத்துக்கொண்டு நிற்கும், வெளிச்சம் முதலில் கன்னத்தின் மேல்தான் விழும், நிழல் சுற்றிலும்தான் தேங்கும். நினைவில் இருந்தவளுக்குக் கன்னம் குழிந்திருந்தது. குழிக்குள் நிழல் தேங்கியிருந்தது. மூக்கும் பள்ளம், முத்துகளும் பள்ளம், சின்னச் சின்னப் பள்ளமாக வரிசையாக. நீலமேகம் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். வாசனை வெள்ளி மருந்து இல்லை. பிசைந்த கோதுமை மாவு.

முதன்முறை வந்த அன்றைக்கு மழை. பங்களாவில் மின்சாரம் இல்லை. தமயந்தி வேலைக்குச் சேர்ந்த புதிது, கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், வெள்ளியில் வெளிச்சம் பட்டுத் தெறித்து அவருக்குக் கண்ணெல்லாம் பஞ்சாகத் தெரிந்தது. புரை முற்றியிருந்த காலம் அது. யாரிடமும் சொல்லவில்லை, நகை மதிப்பிடுகிறவனுக்குக் கண்ணில் புரை என்று தெரிந்தால் வீட்டு வாசலில் ஒருவரும் செருப்பு விட மாட்டார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சமையல்காரரிடம் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை வாங்கி, முத்திரையின் மேல் அமுக்கி, அச்சை டிபன் டப்பா மூடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், மேஜை விளக்கைச் சாய்த்து வைத்து, மாவில் தெரிந்த முகத்தை ஆற அமரப் பார்த்தார். மாவு பளபளக்காது, கண்ணைக் குத்தாது. பார்த்து, இடப்பக்கம் என்று எழுதினார். அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும், குழந்தைக்குத் தெரியும். எழுத்து ஏதாவது மிஞ்சியிருந்தால் திரும்பிக் கிடப்பது உறுத்தியிருக்கும். நாலு என்ற எண் இருந்திருந்தாலும் இடம் வலம் மாறி முழித்திருக்கும். துலக்கித் துலக்கி விட்டுவைத்த அந்த எட்டு மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டாகவே இருந்து அவரைக் கவிழ்த்தது. அதுவும் காரணம் இல்லை. காரணம் அதற்கும் அடியில் இருந்தது. வாழ்நாளில் முக்கால்வாசி அவர் பார்த்தது முத்திரை மோதிரங்கள். ஜமீன் மோதிரம், மடத்து மோதிரம், கல்லில் குடைந்த சிங்கமும் சங்கும் எழுத்தும். அந்தத் தொழிலில் மோதிரத்தைப் பார்த்து எழுதுகிறவன் முட்டாள். மோதிரத்தில் எல்லாம் திரும்பித்தான் இருக்கும், அரக்கிலோ மாவிலோ அமுக்கி அச்சைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், அச்சுதான் உண்மை. வருஷக்கணக்காக அவர் கையும் கண்ணும் அப்படியே பழகியிருந்தன. ருஷ்ய வெள்ளியைத் தொட்டபோதும் கை தானாக மாவைத் தேடியது, கண் தானாக அச்சை உண்மை என்று எடுத்துக்கொண்டது. அறியாமையால் பண்ணின தப்பு என்றால் ஆறுதல் உண்டு. அவர் தேர்ச்சியாலேயே பண்ணின தப்பு இது.

அப்படியானால் இது ஒன்றோடு நிற்காது. நிற்காது என்று தெரிந்த நொடியிலேயே மனம் ஓடி ஒளிந்துகொள்ளப் பார்த்தது, மோரைக் குடி என்றது, ஏசிச் சத்தத்தைக் கேள் என்றது, தமயந்தி ஏன் இருமுவதை நிறுத்திவிட்டாள் என்று கவலைப்படு என்றது. மோர் வெதுவெதுப்பாகப் புளித்திருந்தது. நெய்வேலியில் கமலவேணி அம்மாள். பெயர் தானாக வந்தது. அந்த அம்மாளின் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ருஷ்ய இன்ஜினீயர்களோடு வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ருஷ்யர், தன் தாயாரின் சர்க்கரைக் கிண்ணத்தை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். எனாமல் கிண்ணம், கூடவே கரண்டிகள். அதில் அதிகாரியின் எழுத்துகள் தெளிவாக இருந்தன, முந்தைய காலத்து எழுத்துகள். அவற்றைக் கிண்ணத்திலேயே தடவிப் பார்த்துப் படித்துவிட்டார். முகத்தை மட்டும் மாவில் அமுக்கிப் பார்த்தார். முகம் வலப்பக்கம், பிந்தைய காலம். எழுத்து ஒரு காலம், முகம் ஒரு காலம் என்றால் போலிக்காரன் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறான் என்று அர்த்தம். போலி என்று சொன்னார். வெகு நாசூக்காக, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். கமலவேணி அம்மாள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். அப்ப அந்த ருஷ்யாக்காரர் கொடுத்தார்னு இவர் சொன்னதே கதைதானா என்று கேட்டாள். அவர் என்ன சொன்னார்? ஆண்கள் அப்படித்தான் அம்மா, எங்கேயாவது வாங்கியிருப்பார் என்றார். சொன்னது மட்டும் இல்லை, லேசாகச் சிரிக்கவும் செய்தார். அப்புறம் அந்த அம்மாளின் மகன் வேறு விஷயமாகப் போனில் பேசியபோது போகிறபோக்கில் சொன்னான், அம்மா அதை வீட்டில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை என்று வெள்ளிக்கடையில் போட்டுவிட்டாள் என்று. வெள்ளிக்கடையில் போட்டால் மறுநாள் உலை. உருகும்போது எனாமல் தெறிக்கும். சட்டி ஓரத்தில் நீலமும் பச்சையுமாகக் கசடு நிற்கும், சுரண்டிக் குப்பையில் போடுவார்கள். புருஷன் பொய் சொல்லவில்லை என்று அந்த அம்மாளிடம் இனி எதைக் காட்டிச் சொல்வது? மனம் இப்போது வேறு ஒரு வழி காட்டியது, அதுவே எல்லாவற்றிலும் இனிப்பாக இருந்தது: ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு. வயசாகிவிட்டது, சரியாக நினைவில்லை, நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. பொய்கூட இல்லை, மரியாதையாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவர் வாயை மூடினாலும் புத்தகத்தில் அச்சான வாய் மூடாது. அது இடப்பக்கம் இடப்பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும், இந்தப் பெண் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள், நடுவில் தமயந்தி. வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஒன்றுக்கு முட்டுவதுபோல் இருந்தது. எழுந்து போகலாமா என்று நினைத்தார், போனால் திரும்பி வர மாட்டோம் என்று பயமாக இருந்தது, உட்கார்ந்தே இருந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் கலைமணி இளவயசுக்காரர், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசற்படியில் தயங்கிவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே செயலாளர், செயலாளருக்குப் பின்னால் தமயந்தி. அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. செயலாளர் நடந்ததையெல்லாம் நல்ல தமிழில், குரலை உயர்த்தாமல், யார்மீதும் கோபம் இல்லாதவர்போல் எடுத்துச் சொன்னார். கலைமணி கூட்டைப் பார்த்து, இதில் டீ குடிப்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் நீலமேகத்தின் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க சொல்றதுலதான் இருக்கு. நீங்க அன்னிக்குப் பாத்த பொருள் இதுவா, இல்லையா?”

“இதுதான்” என்றார் நீலமேகம்.

சொல்லி முடித்ததும் ஒரு விடுதலை வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வரவில்லை. மாவையும் அச்சையும் இடம் வலமாவதையும் விளக்கினார். விளக்க விளக்கத் தன் காதுக்கே ஜோடிப்பாகக் கேட்டது. கலைமணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். செயலாளர் பொறுமையாக முடியும்வரை கேட்டுவிட்டு, நீலமேகம் சாரின் மனசு எல்லோருக்கும் தெரியும் என்று ஆரம்பித்தார். ஒரு பெண் ஜெயிலுக்குப் போகிறாள் என்றால் யாருக்கும் மனசு இளகத்தான் செய்யும், அதில் தப்பில்லை என்றார். “ஆனா ஒண்ணு பாருங்க இன்ஸ்பெக்டர். இடம் எது வலம் எதுன்னு மாத்திட்டேன்னு இவரே சொல்றார். அப்படிப்பட்டவர், இது அதே பொருள்தான்னு இன்னிக்குச் சொல்றதை மட்டும் எப்படி எடுத்துக்கறது? அன்னிக்கு நல்ல கண்ணோட, யார் மேலயும் பரிதாபம் இல்லாம சொன்னதைத்தானே நாம எடுத்துக்கணும்?” அதில் ஓட்டை இல்லை. நீலமேகம் ஓட்டை தேடினார், கிடைக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்காகக் கழற்றி வைத்த பெயரோடு உண்மையும் போய்விட்டது. மிச்சம் இருந்தது பழைய பொய், அது நல்ல தாளில் அச்சாகி ஸ்திரமாக உட்கார்ந்திருந்தது. தமயந்தி அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கைவிட்ட டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அன்னிக்குத்தான் எனக்குக் கண்ணு கெட்டிருந்தது” என்றார் நீலமேகம். “ரெண்டு கண்ணுலயும் புரை. மறைச்சு வச்சிருந்தேன்.”

கலைமணி பேனாவை உதட்டில் தட்டினார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு பொருள்ல மட்டும், இந்த அம்மாவுக்குன்னே ஒரு தப்பு நடந்திருக்குன்னா, செயலாளர் சொல்ற மாதிரி சந்தேகம் வரத்தான் செய்யும்.”

மட்டும் என்ற சொல்லில் நீலமேகம் பிடித்துக்கொண்டார். பாதி முட்டாளாக நின்றால் பிரயோசனம் இல்லை. இன்றைய சொல் செல்லாது, அன்றைய சொல் செல்லும் என்று அவரை நடுவில் பிளந்து வைத்திருக்கிறார்கள். அன்றைய மனிதனையும் இழுத்து வந்து இதே மேஜைமேல் போட வேண்டும், அவன் வாயிலிருந்து வந்த எதுவும் செல்லாது என்று ஆகிவிட்டால் இடப்பக்கமும் செல்லாது, இடப்பக்கம் செல்லாவிட்டால் மாற்றினார்கள் என்ற பேச்சே இல்லை. கண்ணெதிரே வழி நேராகக் கிடந்தது. அதில் நடந்துபோய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்த வீடுகளும் தெரிந்தன.

“மட்டும் இல்லை” என்றார். “நெய்வேலியில கமலவேணி அம்மாள்னு ஒருத்தங்க. நல்ல அசல் கிண்ணம். போலின்னு சொல்லிட்டேன், உருக்கிட்டாங்க. இப்பவே போன் போட்டுக் கேளுங்க, நம்பர் தர்றேன். ஸ்பீக்கர்ல போடுங்க. நானே பேசறேன்.”

செயலாளர் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். கலைமணி கையைக் காட்டினார். போனைக் கமலவேணி அம்மாளின் மகன் எடுத்தான். நீலமேகம் என்றதும் சௌக்கியமா சார் என்றான். கிண்ணத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஆமாம், உருக்கியாகிவிட்டது, நீங்கள்தானே போலி என்று பார்த்துச் சொன்னீர்கள் என்றான். நான் பார்த்தது தப்பு என்றார் நீலமேகம். உங்க அப்பா சொன்னதுதான் நிஜம் என்றார். அப்புறம் அவன், “அம்மா இங்கதான் இருக்காங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க” என்றான். போனை வைக்கவில்லை. கலைமணிதான் வைத்தார்.

இதற்குப் பிறகு நடந்தது சுருக்கம். மதிப்பிட்டவரே தான் மதிப்பிட்டது செல்லாது என்கிறார், அதற்குச் சாட்சியும் இருக்கிறது, அப்புறம் புகாருக்கு எதை அடிப்படையாக வைப்பது என்று கலைமணி செயலாளரைக் கேட்டார். செயலாளர் கூட்டை எடுத்துத் துணிக்குள் வைத்துக் கட்டினார்; நீலமேகத்தின் கை மேஜைமேல் அதன் அருகே இருந்தது, கையைச் சுற்றிக்கொண்டு எடுத்தார். தமயந்தி, “நான் போலாமா?” என்று சப் இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். போகலாம் என்றதும் அலமாரிமேலிருந்து கைப்பேசியை எடுத்து, யார் யார் கூப்பிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே, இவர் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள். கதவு அவள் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. நீலமேகம் பேசிக்கொண்டிருந்தார். வேலூரில் ஒரு வக்கீல் வீட்டில் இருந்த சிகரெட் பெட்டி; அதையும் மாவில்தான் பார்த்தேன். ஏற்காட்டில் எஸ்டேட்காரர் ஒருவர், கிண்ணமா கரண்டியா என்று இப்போது வரவில்லை, வரும், முகம் மட்டும் வருகிறது. தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் வீட்டில் ஒரு சின்ன வெள்ளிப் பேழை, எழுத்தும் முகமும் ஒத்துப்போகிறது என்று அதை அசல் என்றேன், முகத்தை மாவில் பார்த்துத்தான் அசல் என்றேன், அப்படியானால் அது போலி, அதை மகளுக்குச் சீராகக் கொடுத்தார்கள். கலைமணி எழுதுவதை நிறுத்திப் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

“போதும் சார். கேஸே இல்லைன்னு ஆயிடுச்சு. நீங்க கிளம்புங்க, நான் ஆட்டோ புடிச்சு விடறேன்.”

“இருங்க” என்றார் நீலமேகம். “இன்னும் இருக்கு.”